ஆர்டிச்சோக் பொரியல்

வாங்க, உள்ள வாங்க. செருப்பு அங்கயே இருக்கட்டுங்க, யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. இந்த ஜன்னல் பக்கமா உக்காருங்க. கோத்தகிரியில வெயில் விழற இடமாப் பார்த்து உக்காரணும். இல்லைன்னா எந்திரிக்கறப்ப முட்டி பிடிச்சுக்கும்.

பொண்ணுக்குப் பெரியம்மா நீங்கன்னு தரகர் சொன்னாரு. நெம்ப சந்தோசம். பெத்தவளுக்கு மாப்பிள்ளையோட சம்பளம்தான் கண்ணுக்குத் தெரியும். மாமியாக்காரி எப்படின்னு பெரியம்மாவுக்குத்தான் பார்க்கத் தெரியும். நல்லாப் பாருங்க. மறைக்க என்ன இருக்குது.

தரணி உள்ள ரூம்லதான் இருக்கான். வருவான். கூச்ச சுபாவம். சின்ன வயசுல இருந்தே நான் பேசறப்ப குறுக்க வர மாட்டான்.

சாப்பிடுங்க. சோறு, பருப்பு, ரசம், அப்பளம். இந்த ஓரத்துல இருக்கற பொரியல் என்னன்னு அப்புறம் சொல்றேன். நம்ம பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியாதுங்களா? பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டுல கை நனைச்சா சம்மதம். நனைக்காம எந்திரிச்சா வேண்டாம்னு அர்த்தம். அவசரமில்லைங்க. நான் பேசி முடிக்கறதுக்குள்ள நனைச்சாப் போதும்.

உங்களுக்கு முன்னாடி மூணு வீட்டுல இருந்து வந்தாங்க. எல்லாருமே பசியில்லைன்னு போயிட்டாங்க. மலையேறி வந்தா சிலருக்கு வயித்தைப் புரட்டும், இல்லீங்களா.

என்ன, ஜன்னல் வழியா அதையே பார்க்கறீங்க? எல்லாரும் அதைத்தான் பார்க்கறாங்க. ஆளுசரத்துக்குச் செடி, வெள்ளை பூத்த மாதிரி இலை, தலையில ஊதாக் கலர்ல பெரிய பூ. அழகாத்தான் இருக்குது, இல்லைன்னு சொல்லலை. அதுக்குப் பேரு ஆர்டிச்சோக்காம். அவ வெச்சதுதான். மொத மருமக. நீங்க தெருவுல நாலு பேர்கிட்ட விசாரிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். எனக்குப் பொய் வராது.

பேரு பொற்கொடி. சென்னிமலைப் பக்கம். அப்பன் சென்னியப்பன், தறிப்பட்டறையில கூலிக்கு ஓட்டறவரு. இல்லாத வீட்டுல எடுத்தா அடங்கி இருக்கும்னுதான் எடுத்தோம், வேற என்னத்துக்கு? ஆனா அந்தக் குடும்பத்துலயே மொதல்ல காலேஜ் மிதிச்சவ இவதானாம். தோட்டக்கலை படிப்பு. கல்யாணமாகி வர்றப்ப சீர்ப் பாத்திரத்தோட ஒரு போட்டோவைக் கொண்டுட்டு வந்தா. கறுப்பு அங்கி மாட்டிக்கிட்டு, தலையில தொப்பி வெச்சுக்கிட்டு, கையில பட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. அவங்கப்பன் பக்கத்துல வேட்டி சட்டையில, திருடிட்டு மாட்டினவன் மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்கறாரு. அதை ஹால்ல மாட்டணுமாம்! ஹால்ல என் மாமனார் படம் இருக்குதுங்க. சமையலறையில அரிசி டின்னுக்கு மேல மாட்டிக்க அம்மிணின்னு சொன்னேன். வேண்டாம்னு சொல்லலை பாருங்க. இடம் குடுத்தேன்.

குறை சொல்லக்கூடாது, வேலைக்காரி. விடியறதுக்கு முன்னாடி எந்திரிப்பா. எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. அந்த எதிர்த்துப் பேசாத வாய்தாங்க எனக்குப் பயம். பேசறவளை அடக்கிடலாம். பேசாதவ மனசுக்குள்ள என்ன வெச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்?

என்ன வெச்சிருந்தான்னு ஒருநாள் தெரிஞ்சு போச்சு. குன்னூர்ல ஒரு நர்சரியில வேலை இருக்குதாம். கன்னு வளர்க்கறதைப் பார்த்துக்கணும். நர்சரிக்காரரு இவ கையில கொஞ்சம் விதையைக் குடுத்து, 'இதை விதையில இருந்து வளர்த்து மொட்டு வர வெச்சுக் காட்டும்மா, வேலை உனக்கு'ன்னு சொல்லியிருக்காரு. இவ அதை முந்தானையில முடிஞ்சு கொண்டுட்டு வந்து என் முன்னாடி நிக்கறா.

"அத்தை, நான் வேலைக்குப் போகட்டுங்களா?"

எப்படிக் கேட்டா தெரியுமுங்களா, கோயில்ல நின்னு கேக்கற மாதிரி. எனக்கே மனசு கரைஞ்சு போச்சு. போகாதேன்னு நான் சொல்லலை. சொல்லியிருந்தா நான் பொல்லாதவ ஆயிருப்பேன். என்ன சொன்னேன் தெரியுமுங்களா? "தாராளமாப் போ அம்மிணி. நம்ம வீட்டுக்குப் பின்னாடி பொடக்காளியிலயே இதை வளர்த்துக் காட்டு. வெளைஞ்சதும் சமைச்சு, சொந்தபந்தம், ஒரம்பரைன்னு நாலு பேருக்குப் போடுவோம். அவங்க நல்லாருக்குதுன்னு சொல்லட்டும். நானே உன்னைக் குன்னூர் பஸ்ஸுல ஏத்தி விடறேன்."

தரணியும் இருந்தான். கேளுங்க அவனை. நான் சொன்னது இதே வார்த்தை.

அவ முகத்தைப் பார்க்கணுமே. அவங்கப்பனுக்குப் போன் போட்டா. "அப்பா, அத்தை ஒத்துக்கிட்டாங்கப்பா"ன்னு சொல்லிக்கிட்டே அழறா. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

வீட்டுக்குப் பின்னாடி எனக்கு மேரக்காய்க் கொடிப் பந்தல் ஒண்ணு இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல கல்லும் முள்ளுமா ஒரு ஓரம். அதைத்தான் குடுத்தேன். கல்லைப் பொறுக்கி, சாணி போட்டு, கொத்திக் கொத்தி மண்ணை மாவு மாதிரி பண்ணிப்போட்டா. விதை சூரியகாந்தி விதையாட்டம், கொஞ்சம் குட்டை. பால் பாக்கெட்டைக் கழுவி, அடியில ஓட்டை போட்டு, மண்ணை நிரப்பி, ஒவ்வொண்ணுலயும் ஒரு விதை. சமையலறை ஜன்னல் ஓரமா வெச்சா சூடு கிடைக்கும்னா. சமையலறையில மண்ணு எதுக்குன்னு நான் வெளிய வெச்சுட்டேன். மறுபடி உள்ள வெச்சா. மறுபடி வெளிய வெச்சேன். அப்புறம் அவளே வெளிய வெச்சுக்கிட்டு, ராத்திரி ஆனா தன் பழைய சேலையைப் போட்டு மூடினா. கல்யாணச் சேலைக்கு அடுத்தபடி நல்ல சேலை. விதைக்குக் குளிருமாம்!

ஒருவழியா முளைச்சுது. எனக்குப் பார்த்ததும் சிரிப்புத் தாங்கலை. "ஏம்புள்ள, நாலு வருசம் காலேஜுல படிச்சு பிரம்மதண்டா வளர்க்கறே? இது ரோட்டோரமே கிடக்குதே, கழுதை கூடத் திங்காது." பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவங்களும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. நல்ல பொண்ணுதாங்க, சிரிக்கச் சொன்னா சிரிப்பா.

ஒண்ணு சொல்லணும். கன்னு கொஞ்சம் பெருசானதும் அவளே பாதியைப் பிடுங்கிப் போட்டா. ஏன்னு கேட்டேன். "விதையில வர்றது எல்லாமே ஒண்ணு போல இருக்காதுங்க அத்தை. சிலது முள்ளா வரும், பிரயோசனப்படாது. இப்பவே எடுத்துடணும்." எனக்கு அது நெம்பப் பிடிச்சுது. ஆகாததை ஆரம்பத்துலயே பிடுங்கிடணும். நான் கூட அதைத்தானே சொல்றேன்னு சொன்னேன். அவ அடுத்த கன்னைப் பிடுங்கக் குனிஞ்சுட்டா.

சோறு ஆறுதுங்க. பருப்பாவது போட்டுப் பிசைஞ்சு வைங்க.

எங்க வீட்டுல ஒரு கட்டுத்திட்டம் உண்டு. பொம்பளைங்க தூரமானா வீட்டுக்குள்ள வரக்கூடாது. பின்னாடி விறகுக் கொட்டகை இருக்குது, ஓடு போட்டது, நல்ல இடம். மூணு நாள் அங்க இருக்கணும். உங்க பொண்ணுக்குப் பழக்கமில்லைன்னா பழகிக்கும். நான் பழகலீங்களா? என் மாமியா எனக்கு ஒரு சாக்குதான் குடுப்பாங்க. நான் இவளுக்கு ரெண்டு குடுத்தேன்.

அந்த மூணு நாளும் செடி கொடியைத் தொடக்கூடாது. தொட்டா பட்டுப் போகும். இது ஊருக்கே தெரிஞ்ச விசயம். படிச்சவளுக்குத் தெரியலை. "தண்ணி மட்டும் ஊத்தறேனுங்க அத்தை, கை படாம ஊத்தறேன்"னா. கூடாதுன்னுட்டேன். "நீங்களாவது ஊத்துங்க, இல்லைன்னா அவரை ஊத்தச் சொல்லுங்க." நான் எதுக்கு ஊத்தணும்? பந்தயம் அவளுக்குத்தானே. தரணியை ஊத்த வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை. அவனா ஊத்தலை. என் மூஞ்சியைப் பார்த்தான், செருப்பை மாட்டிக்கிட்டு டீ பாக்டரிக்கு வேலைக்குப் போயிட்டான்.

மூணு நாள் வெயில் காய்ஞ்சுது. நாலாம் நாள் தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து பார்க்கறா, நாலஞ்சு கன்னு சுருண்டு கிடக்குது. பார்த்தீங்களா? தொட்டிருக்கா! ராத்திரியில யாருக்கும் தெரியாமத் தொட்டிருக்கா. இல்லைன்னா எப்படிங்க பட்டுப் போகும்? அவ தொடலை தொடலைன்னு சத்தியம் பண்ணினா. செடியே சாட்சி சொல்லுது, அப்புறம் சத்தியம் எதுக்கு?

அப்புறம் மார்கழி வந்துச்சு. இந்த ஊர்ப் பனி உங்களுக்குத் தெரியாது, புல்லு மேல உப்புக் கொட்டின மாதிரி இருக்கும். அந்த மாசமும் அவ கொட்டகையில. காலையில காப்பியைக் கொண்டு போய்த் தூரமா வெச்சுட்டு எட்டிப் பார்க்கறேன். இவ வெறுந்தரையில முட்டியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. உதடு நீலமா இருக்குது. ரெண்டு சாக்கு குடுத்தேனே, எங்கன்னு பார்த்தா, செடி மேல. ரெண்டு சாக்கையும் குச்சி நட்டு செடிக்குக் கூடாரம் கட்டியிருக்கா! ராத்திரி முச்சூடும் தானே குளிர்ல கிடந்து, பிரம்மதண்டுக்குப் போர்வை.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நான் பாவம் பார்த்துக் குடுத்த சாக்கு. வேண்டாம்னா திருப்பிக் குடுக்கணும், இல்லீங்களா? ரெண்டையும் எடுத்துட்டு வந்துட்டேன். போர்த்திக்க விருப்பமில்லாதவளுக்குப் போர்வை எதுக்கு?

தரணி அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னான். "அம்மா, உள்ள படுக்கட்டுமே." அவ்வளவுதான். "சரிடா, அவ உள்ள வரட்டும், நான் கொட்டகைக்குப் போறேன்"னு தலகாணியைத் தூக்கினேன். தலகாணியை வாங்கி மறுபடி கட்டில்ல வெச்சுட்டான். பெத்தவளை வெளிய படுக்க வைப்பானுங்களா? அப்படி வளர்க்கலை நான். உங்க பொண்ணு குடுத்து வெச்சவ.

இருந்தும் அந்தச் செடி பொழைச்சுது. அதுதான் ஆச்சரியம். பனி பட்டாத்தான் மொட்டு வைக்குமாம், குளிர் கொஞ்சம் படணுமாம். அவ சொன்னா. அப்படின்னா நான் சாக்கை எடுத்தது நல்லதுக்குத்தானே? அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க.

கோடை மழை ரெண்டு பெய்ஞ்சதும், மிஞ்சின செடி ஒவ்வொண்ணுலயும் நடுத்தண்டுல மொட்டு வந்துச்சு. கை முஷ்டியத்தனை. பச்சையா, மேல மேல மடல் அடுக்கின மாதிரி. தாமரை மொட்டுக்கு ஓடு போட்டா எப்படி இருக்கும், அப்படி. அவ அன்னைக்கு அதுக்கு முன்னாடி உக்காந்தா, எந்திரிக்கவே இல்லை. அடுப்புல பால் பொங்குது, நான் கத்தறேன், அவ காதுல விழலை. அப்பனுக்குப் போன், நர்சரிக்குப் போன். அடுத்த மாசம் பொறந்ததும் வந்து சேரச் சொல்லிட்டாங்களாம். ரெண்டு ஜாக்கெட் தைக்கக் குடுத்தா, வேலைக்குப் போட்டுட்டுப் போக.

"அத்தை, விரியறதுக்கு முன்னாடி அறுத்துடணும். விரிஞ்சா சாப்பிட முடியாது. எப்ப ஒரம்பரையைக் கூப்பிடலாமுங்க?"

நாள் நான்தான் குறிச்சேன். ஞாயித்துக்கிழமை. எங்க அண்ணனும் அண்ணியும் மேட்டுப்பாளையத்துல இருந்து வர்றதா இருந்தாங்க. அவளோட அப்பனையும் வரச் சொன்னேன், மரியாதைக்கு. அவளுக்கு அன்னைக்குத் தூரம் வரும்னு எனக்கு எப்படிங்க தெரியும்? ஒரே வீட்டுல இருந்தா மாசா மாசம் தெரியும்தான், ஆனா அதை நினைச்சா நாள் குறிப்பாங்க? சனிக்கிழமையே கொட்டகைக்குப் போயிட்டா. அங்க இருந்தே கும்பிடறா. "புதன்கிழமை வெச்சுக்கலாமுங்க அத்தை. மொட்டு தாங்கும். நானே சமைக்கறேன். ஒரே ஒரு தடவை." எங்க அண்ணன் என்ன வேலைவெட்டி இல்லாதவரா, தள்ளித் தள்ளி வெக்க? "நான் சமைக்கறேன் போ. உனக்காகத்தானே சமைக்கறேன்"னு சொன்னேன். மொட்டை எல்லாம் நானே அறுத்தேன், அவதான் தொடக்கூடாதே.

அறுத்து வெச்சுப் பார்த்தேன். இது என்ன, வாழைப்பூதானே! அதே மடல், அதே அடுக்கு. உள்ள பிரிச்சா நடுவுல பூவும் இருக்குது, பஞ்சு பஞ்சா. எத்தனை வாழைப்பூ ஆய்ஞ்சிருக்கு இந்தக் கை! மடலை எல்லாம் உரிச்சுப் போட்டேன். அடிக்கட்டையை ஒரே வெட்டு. நடுவுல இருக்கற பூவை மட்டும் எடுத்து, மோர்த்தண்ணியில போட்டேன்.

அவ சமையலறை ஜன்னலுக்கு வெளிய வந்து நிக்கறா. நாலடி தள்ளித்தான் நின்னா, அதைச் சொல்லணும்.

"அத்தை, அது வாழைப்பூ மாதிரி இல்லீங்க. அப்படியே தலைகீழுங்க. அந்த மடலோட அடியில இருக்கற சதையும் அந்த அடிக்கட்டையும்தான் சாப்பிடறது. நடுவுல இருக்கறது முடிங்க அத்தை, அதைச் சுரண்டி எறியணும். தொண்டையில சிக்கிக்கும்."

"எனக்கு நீ பூ ஆயக் கத்துக் குடுக்கறியா?"

"இல்லீங்க அத்தை. கோவிச்சுக்காதீங்க. அடிக்கட்டையை மட்டுமாவது வேக வைங்க. உப்புப் போட்டு வெறுமனே வேக வெச்சாப் போதுமுங்க. அத்தை, உங்க காலைப் பிடிக்கறேன்."

அக்கம்பக்கத்துல கேக்கற மாதிரிக் கத்தறா. ஜன்னலைச் சாத்திட்டேன். சாத்தின ஜன்னலுக்கு வெளிய நின்னுக்கிட்டுச் சொல்லிக்கிட்டே இருந்தா. கடுகு வெடிச்ச சத்தத்துல எனக்கு ஒண்ணும் விளங்கலை. மடலையும் அடிக்கட்டையையும் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன். அது என்னமோ ரசிச்சுத் தின்னுச்சு.

வெங்காயம், மிளகாய், தேங்காய். குறை வெக்கலை. அவளுக்காகன்னு தேங்காய் கூடவே போட்டேன்.

இலை போட்டு எல்லாரும் உக்காந்தாங்க. அண்ணன், அண்ணி, கடைசியில சென்னியப்பன். புது வேட்டி கட்டிக்கிட்டு வந்திருந்தாரு, மடிப்புக் கூடக் கலையலை. பையில ஒரு சீப்பு பழம். அண்ணன் ஒரு வாய் வெச்சாரு. மென்னாரு. மென்னுக்கிட்டே இருந்தாரு.

"ஏம்புள்ள ருக்கு, தலகாணியைப் பிரிச்சு வதக்கிட்டியா?"

அண்ணி சும்மா இருப்பாளா? "இல்லீங்க, பூனைக்குத் தலை வாரினதை எடுத்துப் போட்டிருக்காங்க." எல்லாரும் சிரிக்கறோம். அண்ணன் இருமறாரு, சிரிக்கறாரு, இருமறாரு. அவருக்கு எப்பவும் தொண்டை சரியில்லை. ரெண்டு பேரும் ஓரமா ஒதுக்கி வெச்சுட்டாங்க.

சென்னியப்பன் மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சாப்பிட்டாரு. சோத்தைத் தொடலை. பொரியலை மட்டும். இலையில ஒரு துரும்பு விடலை. நிமிந்து பார்த்தா கண்ணு ரெண்டும் செவந்து கிடக்குது. "நல்லா இருக்குதுங்க சம்பந்தி"ன்னாரு. குரல் வேற மாதிரி வந்துச்சு.

"இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுங்களா?"

"வைங்க."

வெச்சேன். மனசாரத்தான் வெச்சேன், நான் கஞ்சம் கிடையாது. அதையும் சாப்பிட்டாரு. கழுத்து நரம்பெல்லாம் புடைக்குது. துண்டை எடுத்து வாயில அழுத்திக்கிட்டு ஒரு இருமலை விழுங்கினாரு. மறுபடியும், "நெம்ப நல்லா இருக்குதுங்க. எங்க ஊர்ல இப்படிக் கிடைக்காதுங்க."

அண்ணன் ஒரு ஞாயம் சொன்னாரு. "பெத்தவன் சொல்றது கணக்குல வருமா ருக்கு?" வராதுதானே? நானும் அதைத்தான் சொன்னேன். "கோவிச்சுக்காதீங்க, நீங்க அவளோட அப்பன். நீங்க நல்லாருக்குதுன்னுதான் சொல்லுவீங்க."

அதுக்கு அந்த மனுசன் என்ன சொன்னாரு தெரியுமுங்களா? "அப்படீங்களா. அப்ப இன்னுங் கொஞ்சம் போடுங்க. இன்னும் நல்லாச் சாப்பிட்டுட்டுச் சொல்றேன்."

மூணாவது தடவையும் போட்டேன். சட்டியில இருந்ததை வழிச்சுப் போட்டுட்டேன். தண்ணி வைக்க மட்டும் மறந்துட்டேன். வேணும்னு இல்லீங்க, பரிமாறுற பரபரப்பு. அன்னைக்கு நான் ஒரு வாய் கூடச் சாப்பிடலை. இன்னிக்கு வரைக்கும் அதை நான் வாயில வெச்சதில்லை, அவ்வளவு வேலை. அவரும் தண்ணி கேக்கலை. பின்வாசலையே பார்த்துக்கிட்டு, எடுத்து எடுத்து வாயில வெக்கறாரு. கண்ணுல இருந்து தண்ணி இலையில சொட்டுது. அங்க என்ன பார்க்கறாருன்னு திரும்பினா, பொற்கொடி. நிலைக்கு அந்தப் பக்கம் நிக்கறா.

"அப்பா, போதும்."

அவரு நிறுத்தலை. நல்லாருக்குதும்மான்னு கையை ஆட்டறாரு, வாயைத் திறக்க முடியலை.

அப்பத்தானுங்க அந்தப் பாவி அந்தக் காரியம் பண்ணினா. தூரமானவ, நிலையைத் தாண்டி, நடு வீட்டுல, இலை போட்டுப் பந்தி நடக்கற இடத்துல, எங்க அண்ணன் முன்னாடி, என் மாமனார் படத்துக்கு முன்னாடி, வந்து நின்னா. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. அப்பன் இலையை மடிச்சா. அவரு கையைப் பிடிச்சா. என்னைப் பார்த்தா. "நான் வேலைக்குப் போகலீங்க அத்தை. எங்கப்பாவை விட்டுருங்க."

என்ன பேச்சு பாருங்க! அவரை யாரு பிடிச்சு வெச்சா? நானா ஊட்டி விட்டேன்? கேட்டாரு, போட்டேன்.

கை கூடக் கழுவாம அப்படியே முன்வாசல் வழியாக் கூட்டிட்டுப் போயிட்டா. போற வழியில சமையலறைக்குள்ளயும் புகுந்து அரிசி டின்னு மேல இருந்த போட்டோவைக் கழட்டிக்கிட்டா. அரிசி முழுக்கத் தீட்டாப் போச்சு. தரணி ரசச் சட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நின்னுக்கிட்டே இருந்தான். 'ரசம் ஊத்துடா, மாமா இலையைப் பார்த்துக்கிட்டு இருக்காரு'ன்னு நான் சொன்னப்புறம்தான் நகர்ந்தான்.

அப்புறம் என்ன, வீடு முழுக்க மஞ்சத்தண்ணி தெளிச்சுக் கழுவினேன். நார் குத்தி அவரு தொண்டை வீங்கிப் போச்சாம், ஈரோட்டுல ஆஸ்பத்திரியில படுத்தாராம். தரகர் சொன்னாரு. நடிப்புங்க. மூணு தடவை வாங்கித் தின்னவருக்குத் தொண்டை எப்படி வீங்கும்? கோர்ட்டுல எல்லாம் முடிஞ்சுது, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப எங்க இருக்கா, என்ன பண்றா, நான் விசாரிக்கறதில்லை. செடியை மட்டும் விட்டுட்டுப் போயிட்டா. ரெண்டு தடவை அடியோட வெட்டினேன். வேர்ல இருந்து மறுபடி வருது. சரி, வந்தா வந்துட்டுப் போகுது, வீட்டுல வெளையறதை வீணாக்குவானேன்?

அதனாலதான் இன்னிக்கு உங்களுக்காகச் சமைச்சேன். ஆமாங்க, அந்த ஓரத்துல இருக்கறதுதான். பயப்படாதீங்க. அன்னைக்கு அவ வளர்ப்புல குத்தம், என் சமையல்ல குத்தமில்லை. இன்னிக்குப் பிஞ்சாப் பார்த்து அறுத்திருக்கேன், மோர்ல நல்லா ஊற வெச்சிருக்கேன். உங்க பொண்ணும் எம்.எஸ்ஸி. படிச்சிருக்குதாமே? வேலைக்குப் போகட்டும், தாராளமாப் போகட்டும். நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்? வந்து கொஞ்ச நாள் இந்த வீட்டுப் பழக்கத்தைப் பழகிட்டு...

ஏனுங்க, எதுக்கு எந்திரிக்கறீங்க? நான் இன்னும் பேசி முடிக்கலை. பையை எதுக்கு எடுக்கறீங்க? பஸ்ஸுக்கு நேரம் இருக்குது. நீங்களும் பசியில்லைன்னு சொல்லாதீங்க. தெருவுல எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்காங்க. நாலாவது தடவைங்க இது. ஒரு வாய். ஒரே ஒரு வாய் வெச்சுட்டுப் போங்க, என் மகனுக்காக.

இந்தப் பொரியலைப் பார்த்துத்தானே யோசிக்கறீங்க? இதுல என்ன இருக்குது? இருங்க. நானே சாப்பிட்டுக் காட்டறேன். உங்க தட்டுல இருந்தே எடுக்கறேன். இதோ. பார்த்தீங்களா, வாய் நிறைய.

ம்.

இருங்க. ஒண்ணுமில்லை. காரம்.

தரணி. தண்ணி கொண்டா.

போகாதீங்க, உக்காருங்க. லேசா... தொண்டையில... தரணி! உள்ளதான் இருக்கான். வருவான். நான் பேசறப்ப வர மாட்டான், அவ்வளவுதான். தரணி, தண்ணிடா.

செருப்பை மாட்டாதீங்க. இதோ முழுங்கிட்டேன். பாருங்க, முழுங்கிட்டேன். நல்லா இருக்குதுங்க. நெசமாலுமே நெம்ப நல்லா இருக்குது.